கரை உடைகிற பாட்டுக்குப் பம்பை கூடாதா?

கோட்டைப் பூங்காவில் ஞாயிறுதோறும் கூடும், இங்கிலாந்து ராக் குழு லெட் செப்பலினின் ரசிக நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் மைக் செட் அண்ணன் எழுதுகிறேன். போன வாரம் அகழி ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் எடுத்த இரண்டு முடிவுகளைப் பற்றியது இந்த மடல். அன்றைக்கே எழுந்து பேசியிருக்க வேண்டும். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, வண்டியை எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி வந்துவிட்டேன். நாலு நாளாகியும் மனசு ஆறவில்லை. அன்று வராதவர்களும், செப்டம்பர் 25 நிகழ்ச்சிக்குப் பேர் கொடுத்திருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லார் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

முதல் முடிவு: குழுவின் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹமின் நினைவு நாளான அன்றைக்கு ரெக்கார்டில் இருப்பதை இருக்கிறபடியே வாசிப்பவர்களுக்குத்தான் மேடை. மாற்றினால் அது காப்பி, ஒரிஜினலைக் கெடுப்பது. இரண்டாவது, வினாடி வினாவில் 'ஹோல் லாட்டா லவ்' யார் எழுதியது என்ற கேள்விக்கு குழுவின் நாலு பேர் பெயரோடு அமெரிக்கக் கறுப்பினப் பாடலாசிரியர் வில்லி டிக்சன் பெயரையும் சேர்த்து எழுதிய பையனுக்கு மதிப்பெண் கிடையாது என்றது. இரண்டும் ஒரே தப்பிலிருந்து வந்தவை என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தப் பெண்ணைப் பற்றி முதலில் சொல்கிறேன். செய்யாற்றுப் பக்கத்துக் கிராமம், கூத்துக் குடும்பம். இங்கே கல்லூரியில் படிக்கிறாள். 'வென் த லெவீ பிரேக்ஸ்', அதாவது 'கரை உடையும்போது' என்ற பாட்டைத் தன் மாமாவின் முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலோடும், ஊர்ப் பம்பைக்காரர் ஒருவரோடும் வாசித்து, போனில் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். மவுத் ஆர்கன் வருகிற இடத்தில் எல்லாம் முகவீணை. வார்த்தைகள் அவளுடையவை: ஏரி கோடி போகிறது, மதகுக்குப் பக்கத்தில் கரை கசிகிறது, ஊர் சனம் கோழியையும் நெல் மூட்டையையும் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஏறுகிறது. நீங்கள் முழுசாகக் கேட்டீர்களா? ஒரு நிமிஷத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்று எனக்கு ஞாபகம். நான் வீட்டுக்கு வந்து என் பாக்ஸில் போட்டு ஏழெட்டு முறை கேட்டேன். மூன்றாம் தடவை கேட்கும்போது என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து வந்து நின்று, "இன்னாங்க, எந்த ஊர்ல வெள்ளம்?" என்றாள்.

இந்தப் பாட்டு யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். 1927ல் மிசிசிப்பி ஆறு கரைகளை உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். உடைந்த கரையின் மேலேயே கூடாரம் போட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினக் கூலிகள். மண் மூட்டை சுமந்தவர்களும் அவர்கள்தான். இரண்டு வருஷம் கழித்து, 1929ல், கறுப்பினப் பாடகர்களான கன்சாஸ் ஜோ மெக்காயும் மெம்ஃபிஸ் மின்னியும் சேர்ந்து இதை ரெக்கார்டில் பதிந்தார்கள். இரண்டே கிடார், ஒரே குரல். அந்தக் குரல் ஜோவுடையது. நம்மில் பாதிப் பேர் மின்னி பாடியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஏனென்றால் 1971ல் வந்த லெட் செப்பலின் தட்டில் நாலு பேரோடு மின்னியின் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆக, நீங்கள் 'ஒரிஜினல்' என்று கையெடுத்துக் கும்பிடுகிற பாட்டே ஒரு மறுபாடல். அதைச் செய்தவர்கள் கன்சாஸ் ஜோ பாடியபடி பாடவில்லை, இரண்டு கிடாரோடு நிற்கவும் இல்லை. வேகத்தைக் குறைத்து, வெள்ளமே நடந்து வருகிற மாதிரி ஆக்கினார்கள்.

அந்த முரசு எப்படிப் பதிவானது என்பதை நான் எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, என் தொழில் அது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்று ஒரு பழைய கட்டிடம், 1795ல் ஏழைகளை வைத்து வேலை வாங்கக் கட்டியது. அதன் கூடத்தில், மாடிப்படி சுற்றி மேலே ஏறுகிற இடத்தின் அடியில், பான்ஹமின் டிரம்ஸை வைத்தார்கள். ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் என்று வைக்கவில்லை. மேல் மாடிக் கைப்பிடியிலிருந்து இரண்டே மைக்கைத் தொங்கவிட்டார். சுவரும் படிக்கட்டும் சேர்ந்து பாடின. பின்சன் எக்கோ மெஷின் ஒன்றும் இடையில் இருந்தது. அவ்வளவுதான்.

இதை முதல்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்குப் புல்லரித்தது. காரணம், பாரதக் கூத்துக்கு நாங்கள் காலங்காலமாகச் செய்வது இதையேதான். பந்தல் குறுக்குக் கம்பிலிருந்து ஒரு மைக்கை ஆடுகளத்தின் நடுவில் தொங்கவிடுவோம். கட்டியங்காரன் அதன் கீழே வந்து பேசுவான், கர்ணன் கிரீடம் இடிக்காமல் குனிந்து வந்து விருத்தம் பாடுவான். முகவீணையும் மத்தளமும் பின்னாலிருந்து தாமாக வந்து அதே மைக்கில் சேரும். எந்தக் குரல் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பது ஆடுகிறவர்களுக்கே அத்துப்படி. நான் குமிழைத் தொடவே வேண்டியிருக்காது. அந்த ஒலியில் வளர்ந்த பெண் ஒருத்தி இந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு இந்தக் குழு எப்படி வந்தது என்று சிலருக்குத் தெரியும். எண்பதுகளின் நடுவில், சி.எம்.சி.க்கு அண்ணனின் வைத்தியத்துக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருந்த மிசோரம் பையன் ஒருவன், டேப் ரெக்கார்டர் ரிப்பேருக்கு என் கடைக்கு வந்தான். கேசட் உள்ளே சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. பென்சில் விட்டுச் சுற்றி, அறுந்த இடத்தை ஒட்டி, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க என் ஆம்பிளிஃபையரில் போட்டேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு. அந்த முதல் அடி விழுந்ததும் கையில் இருந்த சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. பாட்டு முடிந்ததும் மறுபடி போடு என்று விரலைச் சுற்றிக் காட்டினேன். ஊருக்குப் போகும்போது கேசட்டை என்னிடமே விட்டுப்போனான். ஒட்டுப் போட்ட இடத்தில் அரை வினாடி பாட்டு இல்லாமல் போய்விட்டது. முழுப் பாட்டைப் பல வருஷம் கழித்துக் கேட்டபோது அந்த அரை வினாடி எனக்கு அந்நியமாக இருந்தது. எனவே ரெக்கார்டில் இருப்பதுதான் பாட்டு என்று யாராவது சொன்னால், எந்த ரெக்கார்டு என்று கேட்கத் தோன்றுகிறது.

நம் கூட்டத்தில் ரெக்கார்டுப்படிதான் வேண்டும் என்று வாதிட்ட மூத்தவரை நான் மதிக்கிறேன். 'ஸ்டேர்வே டு ஹெவன்' கிடார் தனியை ஸ்வரம் பிசகாமல் வாசிக்க அவர் எத்தனை வருஷம் உழைத்தார் என்று கண்ணால் பார்த்தவன் நான். அவர் கேட்ட கேள்வியும் நியாயமானது: "ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல யாளிக்கு நீ புதுசா ஒரு வால் ஒட்டுவியா?" ஒட்டமாட்டேன். மறுநாள் காலை கோயிலுக்குப் போய் அந்தத் தூண்களைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு தூணில் குதிரை முன்காலைத் தூக்கி நிற்கிறது, இன்னொன்றில் யாளி. தாவுகிற அந்த ஒரே வடிவத்தைத்தான் சிற்பிகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தூணுக்குத் தூண் கழுத்தின் வளைவும் ஏறியிருக்கும் வீரனின் இருப்பும் வேறு. யாரும் முதல் தூணை உடைத்துவிட்டு இரண்டாவதைச் செய்யவில்லை. ஐயா, அந்தப் பெண்ணும் எதையும் உடைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு தூண் நிறுத்துகிறாள்.

கூத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு நம் வட ஆற்காட்டில் எத்தனை ஜமா ஆடுகிறது! எல்லாருக்கும் அதே கர்ண மோட்சம், அதே அர்ச்சுனன் தபசு. புரிசை ஆட்டம் ஒரு மாதிரி, பக்கத்து ஊர் ஆட்டம் வேறு மாதிரி. விடிய விடிய உட்கார்ந்து பார்த்த கிழவிகள் மறுநாள் கிணற்றடியில் எந்தக் கர்ணன் சாகும்போது நெஞ்சு அடைத்தது என்று பேசுவார்களே தவிர, யார் யாரைக் காப்பி அடித்தார் என்று பேசிக் கேட்டதில்லை. கதை பொது. ஆடுகிறவன் அதற்குள் என்ன கொண்டுவந்தான் என்பதுதான் பேச்சு.

லெட் செப்பலினும் அப்படித்தான் தொடங்கியது. 1968 ஆகஸ்டில் லண்டன் ஜெரார்ட் தெருவில் ஒரு சின்ன அடித்தள அறையில் நாலு பேரும் முதல்முறையாகச் சேர்ந்தபோது வாசித்த பாட்டு 'டிரெயின் கெப்ட் எ ரோலிங்'. டைனி பிராட்ஷா 1951ல் பதிந்தது. 1980 ஜூலை 7ல் பெர்லினில் நடந்த கடைசிக் கச்சேரியையும் அதே பாட்டில்தான் தொடங்கினார்கள். முதல் நாளும் கடைசி நாளும் அடுத்தவர் பாட்டு! தங்கள் தட்டில் இருந்ததையாவது ரெக்கார்டுப்படி வாசித்தார்களா? தட்டில் ஆறரை நிமிஷம் ஓடும் 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' மேடையில் அரை மணி நேரம் வரை போகும். 1972ல் கிடார்காரர் பேஜும் பாடகர் பிளான்ட்டும் பம்பாய்க்கு வந்து, 'ஃப்ரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் நம் ஊர்க் கலைஞர்களை வைத்து மறுபடி பதிந்தார்கள். அந்தப் பதிவு வெளியே வர 2015 ஆனது. 1994ல் எகிப்திய வாத்தியக்காரர்களோடு தங்கள் பாட்டுகளைத் திரும்பச் செய்தபோது, முன்பு ஆங்கிலப் பாடகி சாண்டி டென்னி பாடிய பகுதியை இந்திய வம்சாவளிப் பாடகி நஜ்மா அக்தரைப் பாடவைத்தார்கள். அவர்களே தபலாவுக்கும் வயலினுக்கும் இடம் கொடுத்தபின் பம்பைக்கு இடமில்லை என்று வேலூரில் உட்கார்ந்து சொல்ல நமக்கு என்ன உரிமை?

2012 டிசம்பரில் வாஷிங்டனில் கென்னடி மையத்தில் லெட் செப்பலினைக் கௌரவித்த விழாவில் ஹார்ட் குழுவின் வில்சன் சகோதரிகள் 'ஸ்டேர்வே' பாடியதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன். பின்னால் ஒரு பெரிய பாடகர் குழு, பான்ஹம் போட்டுக்கொள்ளும் அந்த வட்டத் தொப்பியோடு. மாடத்தில் உட்கார்ந்திருந்த பிளான்ட்டின் கண் கலங்கியது. அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடச் சொன்னதால் சலித்துப்போனவர் அவர். அடுத்தவர் பாடும்போதுதான் அவருக்கே அது திரும்பக் கிடைத்தது என்று நான் நம்புகிறேன்.

மறுபாடல் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிளான்ட்டின் கீச்சுக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு, அடியில் கனமே இல்லாமல் கத்துகிற குழுக்களுக்கு நானே மைக் பிடித்திருக்கிறேன், காது வலிக்கும். அதைக் கேட்டுப் பார்த்துத் தள்ளுங்கள். கேட்காமல் விதி போட்டுத் தள்ளாதீர்கள்.

இனி அந்தப் பையனின் மதிப்பெண். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

1969 தொடக்கத்தில் வந்த முதல் தட்டில் வில்லி டிக்சனின் 'யூ ஷுக் மீ', 'ஐ கான்ட் க்விட் யூ பேபி' இரண்டும் இருக்கின்றன, அவர் பெயரும் அச்சில் இருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில் வந்த இரண்டாம் தட்டில் 'ஹோல் லாட்டா லவ்'. கறுப்பினப் பாடகர் மட்டி வாட்டர்ஸ் 1962ல் பாடிய, டிக்சன் எழுதிய 'யூ நீட் லவ்' பாட்டின் வரிகள் அதில் பட்டவர்த்தனமாகத் தெரிகின்றன. பெயர் மட்டும் இல்லை. டிக்சனின் மகள் கேட்டுக் கண்டுபிடித்து, 1985ல் வழக்குப் போட்டு, 1987ல் சமரசமாகி, அப்புறம்தான் டிக்சனின் பெயர் ஏறியது. ஆக அந்தப் பையன் எழுதிய விடைதான் இன்றைக்குத் தட்டின் மேல் அச்சாகிற விடை. நம் விடைத்தாள்தான் பழையது.

'பேப், ஐயம் கானா லீவ் யூ' கதையும் அதுதான். பாடகி ஜோன் பயஸ் 1962ல் வெளியிட்ட தட்டிலிருந்து பேஜ் எடுத்து, மரபுப் பாடல் என்று போட்டார். எழுதியவர் ஆன் பிரெடன் என்ற பெண் உயிரோடு இருந்தார். அவர் பெயர் வந்தது 1990ல். 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' பாட்டை ஜேக் ஹோம்ஸ் 1967லேயே வெளியிட்டுவிட்டார். அவர் 2010ல் வழக்குப் போட்ட பிறகுதான் பாட்டின் பெயருக்குக் கீழே அவர் பெயரும் சேர்ந்தது. எல்லாக் குற்றச்சாட்டும் நிலைத்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: 'ஸ்டேர்வே' தொடக்கம் ஸ்பிரிட் குழுவின் 'டாரஸ்' பாட்டிலிருந்து எடுத்தது என்ற வழக்கில் 2016ல் ஜூரி லெட் செப்பலின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது, 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இவற்றைச் சொன்னதற்கு "குழுவை அசிங்கப்படுத்துறான்" என்று அந்தப் பையனைப் பேசினீர்கள். அவனுக்கு நம்மைவிட அந்தக் குழுவின் மேல் பாசம் குறைவா? ஒரு பாட்டை எடுத்துப் பெரிதாக்கியது அவர்கள் சாமர்த்தியம், அதற்குத்தான் நாற்பது வருஷமாக நான் அடிமை. எழுதியவர் பெயரை விட்டது தப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். நீங்களோ தலைகீழாக, எடுத்ததாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பாடுகிற பெண்ணைக் காப்பி என்கிறீர்கள். விட்டுப்போன பெயரைச் சொல்கிற பையனைத் தப்பு என்கிறீர்கள்.

துணுக்குச் செய்திகளை நாம் ஏன் சேர்க்கிறோம்? அடுத்தவனை மடக்கவா? 1971 நவம்பரில் வந்த அந்த நாலாம் தட்டின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே இல்லாத தட்டு, குழுவின் பெயரும் அட்டையில் இல்லை. முதுகில் விறகுக் கட்டோடு குனிந்து நிற்கும் கிழவர் யார் என்று உலகமெங்கும் ரசிகர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஓவியம் என்றுதான் நாமும் நினைத்தோம். 52 வருஷம் கழித்து, 2023ல், பிரையன் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு பழைய ஆல்பத்தில் அந்தப் புகைப்படத்தையே கண்டெடுத்தார். எர்னஸ்ட் ஃபார்மர் 1892ல் எடுத்த படம். கிழவரின் பெயர் லாட் லாங். வில்ட்ஷயரில் கூரை வேய்கிற தொழிலாளி. அவர் முதுகில் இருந்தது கூரை வேயும் குச்சி. இந்தச் செய்தி வந்த அன்று எனக்கு ஏதோ என் தாத்தாவையே யாரோ கண்டுபிடித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. கோடிக்கணக்கான வீடுகளில் பெயரில்லாமல் நின்றிருந்த மனுஷனுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நம் வினாடி வினா இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

விடைத்தாளில் இன்னொன்றும் தப்பு. 'காஷ்மீர்' எங்கே எழுதப்பட்டது என்பதற்குக் காஷ்மீர் என்று போட்டிருக்கிறீர்கள். 1973ல் மொராக்கோவின் தெற்கில், பாலைவனத்தை அறுத்துக்கொண்டு நேராகப் போகும் சாலையில் காரில் போகும்போது பிளான்ட்டுக்கு வந்த வரிகள் அவை. அப்போது அவர் காஷ்மீரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊரைப் பற்றி அப்படிப் பாட முடிந்தது என்பதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் பாடுகிற வெள்ளமோ அவள் வீட்டு வெள்ளம். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியை வாரிக்கொண்டு போனதை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்புறம் பல வருஷம் மணலாகவே கிடந்த ஆறு. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வந்தபோது பாலத்தின் மேல் நின்று பார்த்தவர்களில் நீங்களும் இருந்தீர்கள். காட்பாடிப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, லெவீ பாட்டு இப்பதான் புரியுது" என்று என் காதில் சொன்னான். அவனும் போன வாரம் அவளுக்கு எதிராகக் கை தூக்கினான். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

எனவே கேட்டுக்கொள்கிறேன். வரும் ஞாயிறு அஞ்சு மணிக்கு எல்லாரும் வாருங்கள். என் சின்ன பாக்ஸைக் கொண்டுவருகிறேன். அவள் பதிவை முதலிலிருந்து கடைசி வரை, யாரும் நிறுத்தாமல் கேட்போம். கேட்டபின் கை தூக்குங்கள். ரெக்கார்டுப்படி வாசிக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம், மாற்றி வாசிக்கிறவர்களுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்தாலும் எனக்குச் சம்மதம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் முதலில் எழுதியவர், முதலில் பதிந்தவர் பெயரை மைக்கில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கன்சாஸ் ஜோ பெயரை நானே சொல்கிறேன். அந்தப் பையனுக்கு மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டு, அவன் வீட்டுக்கு ஒருவர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும். மூத்தவர் போனால் அவன் சந்தோஷப்படுவான்.

நிகழ்ச்சிக்கு மைக் செட் வாடகை வேண்டாம். தோட்டப்பாளையத்தில் ஒரு மண்டபம் பார்த்து வைத்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் கூடம், கூடத்திலிருந்தே மாடிப்படி சுற்றி ஏறுகிறது. நேற்றுப் போய் படிக்கு அடியில் நின்று கை தட்டிப் பார்த்தேன், நல்ல ஒலி. மேல் கைப்பிடியிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிடக் கயிறு வாங்கிவிட்டேன். பம்பைக்காரருக்கும் முகவீணைக்காரருக்கும் செய்யாற்றிலிருந்து பஸ் செலவு, ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் மைக் செட் அண்ணன்,
சத்துவாச்சாரி, வேலூர்